ஓராள் படகு

வெங்காயம் கைகொடுத்த அந்த வருடம் நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். மனைவியின் குரல் எட்டாத ஓர் இடம் எனக்கு வேண்டும்.

உடுவிலில் அப்படி ஓர் இடம் கிடையாது. தோட்டத்தில் நான் வாய்க்காலைத் திருப்பினால் யசிந்தா கிணற்றடியில் நின்று திருத்துவாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தபடியே பிரேக் பிடிப்பாள். வாயால்தான். இப்படி முப்பது வருடம். மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான்.

காங்கேசன்துறையில், நோர்வேயிலிருந்து திரும்பி வந்த சண்முகநாதன் இரண்டு பந்தயப் படகுகளை விற்க வைத்திருந்தார். இரண்டு ஒல்லித் தோணிகள், நடுவே குந்தியிருக்க ஒரு வலை, மேலே பாய். "கற்றமரான்" என்றார். எங்களுடைய கட்டுமரம்தான். வெளிநாடு போய்ப் பெயரை நாகரிகமாக்கிக்கொண்டு வந்திருந்தது.

சின்னது ஓராளுக்கு. பெரியது ஈராளுக்கு, ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் கம்பியில் வெளியே தொங்கிப் பாரம் கொடுக்க வேண்டும். கம்பியில் தொங்கிக்கொண்டு எனக்கு வழி சொல்லும் யசிந்தா என் கண்ணுக்குத் தெரிந்தாள்.

"சின்னதை எடுப்பம்" என்றேன் அவளிடம்.

"ஏன்?"

"ரெண்டு பேர் ஏறினாப் பாரம். ஓட்டம் குறையும்."

"ஓம்."

"ஒரு படகுக்கு ரெண்டு தலை சரிவராது."

"உண்மைதான்."

"நீர் கரையில நிண்டு பாத்தாக் காணும், அதுவே போதும்."

"காணும். காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்துத்தானே ஏறுவியள்?"

"காத்துக்கு என்ன பக்கம்? வரேக்க பாப்பம்."

"ஓராள் படகையே எடுங்கோ. நல்லா யோசிச்சிருக்கிறியள்."

முப்பது வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும்.

படகு வந்தது. வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற்றால் யசிந்தா அதற்கு இலக்கம் எழுதினாள். இரண்டு ஞாயிறு சண்முகநாதன் பழக்கினார். மூன்றாம் ஞாயிறு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தனியே போனேன்.

பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு உள்ளங்கையை அறுத்தது. நான் தோட்டக்காரன். கயிறு என்றால் கட்டத்தான் தெரியும். கறவை மாட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இறுக்கினேன்.

"கட்டாதேங்கோ!" கரையிலிருந்து யசிந்தா கத்தினாள்.

கேட்கவில்லை என்று கையைக் காட்டினேன். நன்றாகக் கேட்டது.

காற்று வந்தது. மாடு மாதிரித்தான் இழுத்தது. முடிச்சு அவிழவில்லை. படகு ஒரு பக்கமாக எழும்பி என்னைக் கடலில் கொட்டிவிட்டு, தானும் சரிந்து படுத்தது.

யசிந்தா செருப்பைக் கழற்றிச் சண்முகநாதனின் கையில் கொடுத்தாள். நீந்தி வந்தாள். என் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். கீழ்த் தோணியில் ஏறி நின்று, ஒரு கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். படகு எழும்பி நின்றது. அவள் மேலே ஏறினாள்.

"கையைத் தாரும், நானும் வாறன்" என்றேன்.

"இஞ்சேருங்கோ, இது ஓராள் படகெல்லே? பாரம் கூடினா ஓட்டம் குறையும். மிதந்துகொண்டு பாருங்கோ, காணும்."

பார்த்தேன். ஒரு தோணி தண்ணீரை விட்டு மேலே எழும்பியது. மற்றதன் விளிம்பில் படகு கத்தி மாதிரிப் போனது. அவள் வெளியே சாய்ந்து, தலைமுடி தண்ணீரைத் தொட, கயிற்றை விட்டும் எடுத்தும் காற்றோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. நான் வாயைத் திறந்தபடி மிதந்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே போனது. மூடத் தோன்றவில்லை.

"அக்கா எங்கை பழகினவ?" கரையில் சண்முகநாதன் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைக் குருநகர்ப் பெண் என்று தெரியும். அவ்வளவுதான். பிறகுதான் அறிந்தேன்: ஆண்பிள்ளை இல்லாத அவளுடைய தகப்பன் செபநாயகம் கடலுக்குப் போகையில் பாய்க்கயிறு பிடிக்க இவளைத்தான் கூட்டிப்போவாராம். முப்பது வருடமாக நாங்கள் வெங்காயம் கதைத்தோம். கடலைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் சித்திரையில் நடந்த படகுப் பந்தயத்தில் யசிந்தா முதலாவதாக வந்தாள். நான் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஏழு வருடமும் எனக்கு அதே பதவி.

அவள் கண்மூடி இப்போது இரண்டு வருடம். போன கிழமை படகைத் தனியே இறக்கினேன். கரை சிறுத்தது. பாய் மட்டும் படபடத்தது. நான் கேட்ட இடம் கடைசியில் கிடைத்துவிட்டது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கயிறு கையை அறுத்தது. பார்க்க ஒருவரும் இல்லை. முடிச்சுப் போடக் குனிந்தேன்.

குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில், பச்சைப் பெயின்ற்றில், அவளுடைய வட்ட எழுத்து:

"கட்டாதேங்கோ எண்டு சொன்னனான்."