சிவப்புச் சீட்டு காசிராஜன்

மேனேஜர் வரதராஜுலுவின் மேஜைக்கு அடியில் காசிராஜன் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கதவு திறந்தது.

இரண்டு கறுப்பு ஷூக்கள் உள்ளே வந்தன. அவன் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றன.

காசிராஜன் மூச்சை அடக்கிக்கொண்டான். அவனுக்கு வேண்டியது ஒரு மஞ்சள் கவர். காலை எட்டு மணிக்கு அவனே கொண்டுவந்து இந்த மேஜைமேல் வைத்த கவர். இப்போது மணி ஒன்பதரை. மேஜைமேல் இல்லை. டிராயரில் இல்லை. குப்பைக் கூடையில் இல்லை.

"யாருய்யா அது கீழே?"

"நான்தான் சார். காசிராஜன். பேனா விழுந்துட்டு."

"உன் பேனா என் ரூமுல எப்படிய்யா விழும்?"

நியாயமான கேள்வி. காசிராஜன் அவசரமாக எழுந்தான். மேஜை விளிம்பில் மண்டை இடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தான். வரதராஜுலு ஒரகடத்து ஷெட்டில் கத்தினால் சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் கேட்கும் என்பார்கள்.

சத்தம் வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தான். மேனேஜரின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன, எதையோ எண்ணுவதுபோல. பிறகு அவர் கேட்டார்:

"சாப்டியா?"

காசிராஜனுக்குக் குலை நடுங்கியது.

காரணம் இருக்கிறது. கார் சீட் செய்யும் அந்தக் கம்பெனியில் காசிராஜனுக்கு வேலை, குறை கண்டுபிடிப்பது. லைனில் தைத்து வரும் ஒவ்வொரு சீட்டையும் தடவிப் பார்க்க வேண்டும். நூல் பிசகினால், துணி சுருங்கினால், சிவப்புச் சீட்டு கட்டி ஓரமாகத் தள்ள வேண்டும். நாலு வருடம் இதையே செய்ததில் அவன் கண்ணுக்கு உலகமே ஓரமாகத் தள்ள வேண்டியதாகத் தெரிந்தது. கேன்டீன் வடைக்குச் சிவப்புச் சீட்டு கட்டினான். போன ஆடியில், வெளியூரிலிருந்து கஸ்டமர்கள் வந்திருந்த நேரம் பார்த்து, மேனேஜரின் மேஜைக்கே ஒன்று கட்டினான். "குறை: கால் ஆடுகிறது."

தீபாவளிக்குச் சங்கரன்கோவில் போனவன், புது மனைவி முத்துச்செல்வி பொரித்த அப்பளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கூடப் பொரிஞ்சிருக்கு" என்றான்.

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "எனக்கும் ஒரு சிவப்புச் சீட்டு கட்டிட்டுப் போங்க. எதையாச்சும் பாத்து நல்லாருக்குன்னு சொல்ல வருத அன்னைக்குப் போன் போடுங்க. அன்னைக்கு ஒரகடத்துக்கு வாரேன்."

அதற்காகத்தான் ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிறுதோறும் நடந்த, எதிலும் நல்லதைப் பார்க்கச் சொல்லித்தரும் பாசிட்டிவ் சைக்காலஜி வகுப்பில் சேர்ந்தான். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு. மாலை பேட்ச். கடைசியில் எல்லோருக்கும் ஒரு செய்முறைப் பயிற்சி. பாடம் எடுக்கும் காஞ்சனா மேடம் எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கிய சீட்டில் அவனுக்கு வந்தது இது: "நீங்கள் ஒருமுறைகூட நன்றி சொல்லாத ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதுக. ஒரு வாரப் பலனைப் பதிவு செய்க."

எழுதினான். மஞ்சள் கவரில் போட்டு வைத்தான். லைனுக்கு வந்து ரூம்மேட் உச்சிமாகாளியிடம் பெருமையாகச் சொன்னான்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு உச்சிமாகாளி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "என்னன்னுல எழுதுன?"

"‘நாலு வருஷமா நீங்க கத்துக்குடுத்த எல்லாத்துக்கும் நன்றி, என்றும் மறவேன்’னு."

"சோலி முடிஞ்சுது. ஏல, நம்ம கம்பெனில எவனாச்சும் நன்றின்னு எழுதி, கவர்ல போட்டு, மேனேஜர் டேபிள்ல வச்சா என்னல அர்த்தம்? மறைமலை நகருக்கு வேற வேலைக்குப் போன வனமாமலை என்ன எழுதிக் குடுத்தான்? ‘இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி’. சாயங்காலமே அவன் கார்டைப் புடுங்கிட்டாங்க. நீ ராஜினாமா பண்ணிருக்க!"

கவரைத் திரும்ப எடுக்கக் காசிராஜன் ஓடிய ஓட்டம்தான் மேஜைக்கு அடியில் முடிந்தது.

"அவரு சாப்டியான்னு கேட்டாராக்கும்?" கதையைக் கேட்ட உச்சிமாகாளி தலையில் கை வைத்தான். "ஸ்கிராப்புக்குப் போற மெஷினைத்தான் மக்கா கடைசியா ஒரு தடவை நல்லாத் தொடைச்சு வைப்பாங்க."

"உதட்டுக்குள்ள என்னமோ எண்ணுனாருல."

"உன் நாளை எண்ணுதாரு."

வேலை போனால் ரூம் போகும். முத்துச்செல்வியை எங்கே கூட்டி வருவது? பைபாஸிலா?

செவ்வாய்க்கிழமை காசிராஜன் இரண்டாவது மஞ்சள் கவரை வைத்தான். "என் முந்தைய கடிதத்தைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இந்த இடத்தை விட்டு எங்கும் போக மாட்டேன். யார் சொன்னாலும் போக மாட்டேன்."

உச்சிமாகாளி நகலை வாசித்தான். "இது உண்ணாவிரதத்துக்கு நோட்டீஸ் மாதிரி இருக்கே."

மத்தியானம் கேன்டீனில் வரதராஜுலு தன் டிபன் கேரியரோடு நேராக வந்து காசிராஜன் எதிரில் உட்கார்ந்தார். சுற்றி நாலு பெஞ்சு காலியானது. அவர் ஒரு அடுக்கைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார்.

"தயிர்சாதம். துண்ணு."

"வேண்டாம் சார்..."

"துண்ணுய்யா!" பழைய குரல் எட்டிப் பார்த்தது. உடனே அவர் மூச்சை இழுத்து விட்டார். உதடுகள் அசைந்தன. "தயவுசெஞ்சு."

வரதராஜுலு வாயில் ‘தயவுசெஞ்சு’ வந்து யாரும் கேட்டதில்லை. கேன்டீன்காரர் கரண்டியைக் கீழே போட்டார்.

புதன்கிழமை காசிராஜன் துணிந்து இறங்கினான். படித்ததை லைனில் காட்டினால், ‘இவன் போனால் நஷ்டம்’ என்று மேனேஜருக்குத் தோன்றுமல்லவா? காலைக் கூட்டத்தில் அறிவித்தான்.

"இன்னைக்கிலேருந்து நம்ம லைன்ல குறை, பிரச்சினை, பழுதுங்கிற பேச்சே கூடாது. எல்லாத்தையும் நல்ல வார்த்தையில சொல்லுங்க."

பத்து மணிக்கு வரதராஜுலு வந்தார். "இன்னா, எல்லாம் ஓகேவா?"

தையல்காரி மாரிசெல்வி எழுந்து நின்றாள். "ரொம்ப நல்லாப் போகுது சார். பதினாலு சீட்டை இன்னொரு தரம் தைக்கிற பாக்கியம் நமக்குக் கிடைச்சிருக்கு."

"இன்னாது?"

"நூல் அதுக்குப் புடிச்ச பாதையில போயிருக்கு சார்," என்றான் உச்சிமாகாளி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "மூணாம் நம்பர் மெஷின் நிம்மதியா ஓய்வெடுக்கு. எப்ப எந்திரிக்கும்னு அதுக்கே தெரியாது."

மேனேஜரின் முகம் சிவப்புச் சீட்டின் நிறத்துக்கு வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மாரிசெல்வி முன்னேற்பாடாகக் காதைப் பொத்திக்கொண்டாள். காசிராஜன் வாய்க்குள் ஊர்ச்சாமி சங்கரநாராயணரைக் கூப்பிட்டான்.

வரதராஜுலு கண்ணை மூடினார். பத்து வரை எண்ணினார். இந்த முறை சத்தமாகவே எண்ணினார். பிறகு காசிராஜன் தோளில் கை வைத்தார்.

"நல்ல முயற்சி காசி. ஆனா அந்தப் பதினாலுக்கும் சீட்டு கட்டிடு."

"மக்கா," என்றான் உச்சிமாகாளி அவர் போனதும், "தோள்ல கை போட்டுட்டாரு. நான் உனக்குச் சால்வைக்கு ஏற்பாடு பண்ணுதேன்."

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து காசிராஜன் கேட்டைத் தாண்டியபோது வெள்ளைக் கார் ஒன்று உரசிக்கொண்டு நின்றது.

"ஏறு. சேரப்பணஞ்சேரிதான? வுட்டுட்டுப் போறேன்."

காரில் ஏறிய இரண்டாவது நிமிஷம் போன் அலறியது. முத்துச்செல்வி. அவன் எடுக்காமல் நெளிந்தான்.

"யாரு, வூட்லயா? எங்க கீறாங்க?"

"சங்கரன்கோவில்ல சார்."

வரதராஜுலு ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "கல்யாணம் கட்டிக்கினு ஆளுக்கொரு ஊர்ல இருக்கக் கூடாதுய்யா. நாளைக்கு ஒரு ஆர்டர் தர்றேன். எல்லாம் சரியாப் பூடும்."

ஆர்டர். ஊரோடு சேர்த்து வைக்கிற ஆர்டர். இதற்குமேல் எப்படிச் சொல்வார்கள்?

ரூம் வாசலில் நின்று முத்துச்செல்வியைக் கூப்பிட்டான். நடந்ததை எல்லாம் சொன்னான். "நாளைக்கு வேலை போயிரும்."

"சரி, போனாப் போவுது. அந்த வகுப்புல தினம் ஒரு நல்லது சொல்லணும்பாங்கன்னு சொன்னியள்லா? இந்த வாரம் என்ன நல்லது நடந்துச்சு?"

அவன் யோசித்தான். "மேனேஜர் குடுத்த தயிர்சாதம் நல்லாருந்துச்சு."

"குறை ஒண்ணும் இல்லியா?"

உப்பு ஒரு கல் கம்மி. நாக்கு நுனி வரை வந்தது. காசிராஜன் அதை விழுங்கினான். "இல்ல. நல்லாவே இருந்துச்சு. நீ பேசுததும் நல்லாருக்கு."

போன் வழியாக ஒரு சிரிப்பு கேட்டது. கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் கேட்காத சிரிப்பு. "இதைக் கேக்கதுக்குத்தான் காத்துக் கெடந்தேன். வேலை இருந்தா அங்க வாரேன். இல்லாட்டா நீங்க இங்க வாங்க. ரெண்டும் நல்லதுதான்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லைன் நின்றது. மைசூர்பாகு வந்தது. உச்சிமாகாளி வாங்கிய சால்வை வந்தது. மாரிசெல்வி பேசும்போதே மூக்கை உறிஞ்சினாள். "காசி அண்ணன் என் சீட்டுக்கு மட்டும் இருநூறு சீட்டு கட்டிருப்பாவ. ஆனா ஒண்ணுகூடப் பொய்ச் சீட்டு கெடையாது."

காசிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "எல்லாருக்கும் நன்றி..."

"இன்னாய்யா கூட்டம்?"

வரதராஜுலு கையில் வெள்ளைத் தாளோடு நின்றார். தாளை நீட்டினார். காசிராஜன் வாங்கி வாசித்தான். மறுபடி வாசித்தான். அப்புறம் உச்சிமாகாளி பிடுங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"‘திங்கள் முதல் காசிராஜனுக்கு நிரந்தரமாகப் பகல் ஷிப்ட். மண்ணூர் குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு தங்க வீடு ஒதுக்கப்படுகிறது.’ ஏலேய்!"

ஷெட்டே அதிர்ந்தது. வாங்கிய சால்வையை என்ன செய்வது? உச்சிமாகாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வரதராஜுலுவுக்குப் போர்த்திவிட்டான். மேனேஜர் சிரித்தார். அவருக்கு இடது பக்கம் ஒரு தெற்றுப்பல் இருப்பது அன்றுதான் லைனுக்குத் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் காசிராஜன் அவர் அறைக்கு ஓடினான். "சார், அந்த ரெண்டு லெட்டரையும் படிச்சிட்டுத்தானா எனக்கு இவ்வளவும் செஞ்சிய?"

"எந்த லெட்டர்?"

"மஞ்ச கவர் சார்!"

மேனேஜர் விழித்தார். மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த கிளியம்மாள் தலை நிமிர்ந்தாள்.

"மஞ்ச கவரா? அது இங்கதாம்பா கீது." மேஜையின் கீழே கையைக் காட்டினாள். "நீ சீட்டு கட்டுனதுலேருந்து இந்த மேஜை காலு ஆடிக்கினே இருந்துச்சு. திங்கக்கிழமை ஒண்ணை மடிச்சு வச்சேன். செவ்வாக்கிழமை இன்னொண்ணு கெடச்சுது. அப்பாலதான் நேரா நின்னுது."

காசிராஜன் குனிந்து பார்த்தான். அன்று அவன் மண்டை இடித்த இடத்துக்கு நேர் கீழே, எட்டாக மடிந்து, பிரிக்காமலே இருந்தன அவனுடைய நன்றிகள்.

அப்படியானால் தயிர்சாதம் ஏன்? கார் ஏன்? வீடு ஏன்?

எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகும்போது முத்துச்செல்வியிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. ரயில் ஏறிவிட்டாள் என்று அர்த்தம். அந்தச் சந்தோஷத்தில் பஸ்ஸிலேயே பயிற்சி நோட்டில் பலனை எழுதி முடித்தான்: "கடிதம் படிக்கப்படாமலேயே வேலை செய்தது. எப்படி என்று தெரியவில்லை."

வகுப்பு வாசலில் கிளார்க் தணிகாசலம் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காலை பேட்ச் ஒரு குவியல், மாலை பேட்ச் ஒரு குவியல்.

"பேரு சொல்லு சார்."

"காசிராஜன். மாலை பேட்ச்."

"காசிராஜன்..." தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்தப் பேரை இப்பதான எங்கியோ படிச்சேன். அட்டையில இல்ல, உள்ளார." காலை பேட்ச் குவியலிலிருந்து ஒரு நோட்டை உருவி விரித்தார்.

"தோ கீது, பாரு: ‘பயிற்சி: உங்களை மிக அதிகமாக எரிச்சலூட்டும் ஒருவருக்கு ஐந்து நாளில் ஐந்து நற்செயல் செய்க. மாணவர்: வரதராஜுலு. தேர்ந்தெடுத்த நபர்: சீட் லைன் காசிராஜன். காரணம்: கொடுத்த இடம் போதவில்லை, ஏழு பக்கம் தனியாக இணைத்துள்ளேன்.’ இது நீதானா சார்?"