பார்த்துக்கொள்ள ஆள் உண்டா?

"சம்பளமே வேணாம் மேடம். ஆறு வாரம் லீவு மட்டும் குடுங்க," என்றார் ஸ்டோர் கீப்பர்.

தாயில்லாத மகள். நாலு வயது. கால் உடைந்து மாவுக்கட்டோடு இருந்தாள்.

மேனேஜர் அம்மாள் விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வியில் விரல் வைத்தார். 'குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் உண்டா?' எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"இப்ப பாப்பா யார்கிட்ட இருக்கு?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட. பாவம், வேலைக்குக் கிளம்பினவங்க, எனக்காக ஒரு மணி நேரம் நிக்கிறாங்க."

"அப்போ ஆள் இருக்கே!"

விண்ணப்பம் திரும்பி வந்தது.

மறுநாள் மகளையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆகவேண்டும்? புது விண்ணப்பம் எழுத அவர் குனிந்ததும், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"குடுங்க தம்பி, நான் வெச்சுக்கிறேன்."

பிள்ளை அவள் தோளில் சாய்ந்து சிரித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜர் அம்மாளும் சிரித்தார்.

"இங்கயே ஆள் இருக்கே!"

மூன்றாம் நாள் காலை, கண்ணை மூடிக்கொண்டு, இதுவரை யாரும் கேட்டிராத வரம் ஒன்றை அவர் கேட்டார்: "கடவுளே, இன்னைக்கு ஒருத்தரும் எனக்கு உதவி செய்யாம பார்த்துக்கோ."

ஆயாம்மாவிடமும் கெஞ்சிவைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த இடத்தையே துடைத்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டே அவர் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்த்தார்.

"அப்பா, ஆயாம்மா என்கூட டூவா?"

அவர் பதில் சொல்வதற்குள் மேனேஜர் அம்மாள் வந்து நின்றார். பூரித்துப் போனார்.

"மடியில பிள்ளை, கையில வேலை! இவ்வளவு அழகா சமாளிக்கிற உங்களுக்கு லீவு எதுக்கு?"

நான்காம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. போனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் ஆயாம்மா ஆபீஸ் கவரோடு வந்தாள். முதலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. பிறகுதான் கவரை எடுத்தாள்.

"லீவு கிடைச்சிருச்சா ஆயாம்மா?" நெற்றியில் போடும் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார் அவர். "கை ஈரமா இருக்கு, நீங்களே பிரிச்சுப் படிங்க."

ஆயாம்மா இரண்டு தரம் படித்தாள். கடிதத்தை மடித்துக் கீழே வைத்தாள்.

"ஒருவழியா ஒத்துக்கிட்டாங்க தம்பி, பிள்ளையைப் பார்த்துக்க உங்களை விட்டா வேற ஆளே இல்லைன்னு. அதனால வேலைக்கு ஒத்துவர மாட்டீங்களாம், வேலையை விட்டே நிறுத்திட்டாங்க."