"அஞ்சு! அடி!" என்று கத்திய அன்ரி

எனக்குக் குரல் பெரிது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என்னைத் தெரிந்த யாராவது எழுந்து நின்று சொல்வார்கள். முதியோர் இல்லத்தில் தாதி வேலை. காது கேளாதவர்களிடம் "மருந்து குடிச்சாச்சா?" என்று வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, இப்போது நான் வீட்டில் உப்புக் கேட்டாலே பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும்.

இந்தக் குரலை மதித்த ஒரே இடம், வெளிநாடு வந்து நாங்கள் குடியேறிய புறநகரான கிரவீனில் என் மகன் ஆரூரன் சின்ன வயதில் சேர்ந்த ரக்பி லீக் கழகம்தான். ஆரம்பத்தில் எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தோடம்பழம் வெட்டிக்கொண்டு போவேன், பயந்துகொண்டு நிற்பேன். பிறகு ஒரே ஒரு விதி மட்டும் பிடிபட்டது. பந்தோடு ஓடுபவனை எதிரணி விழுத்தும். எழுந்து மறுபடி ஆடலாம். ஆனால் ஐந்து முறை விழுந்தாகிவிட்டால் அடுத்தது கடைசி வாய்ப்பு. அதில் பந்தைக் காலால் தூரத்துக்கு உதைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் எதிரணிக்குப் போய்விடும்.

பையன்கள் ஆட்ட மும்முரத்தில் எண்ண மறந்துவிடுவார்கள். நான் நாடி பிடித்து எண்ணுகிறவள், மறப்பேனா? கோட்டுக்கு வெளியே நின்று "ஒண்டு! ரெண்டு! மூண்டு!" என்று தொடங்கி "அஞ்சு! அடி!" என்று முடிப்பேன். உடனே ஆரூரன் உதைப்பான். எதிரணிக்குத் தமிழ் தெரியாது என்பதால் பயிற்சியாளருக்கு ஒரே சந்தோஷம். அணியில் இருந்த பையன்கள் எல்லோருக்கும் ஐந்து வரை தமிழ்ப் பாடம். அதிலும் சியோனே என்ற சமோவாப் பையன் (அந்த வயதிலேயே எங்கள் ஃப்ரிட்ஜ் அளவு இருப்பான்) "அஞ்சு" என்பதை என் மகனைவிடச் சுத்தமாகச் சொல்வான்.

அப்புறம்தான் வினை வந்தது. நகரத்தில் மணிக்கூட்டுக் கோபுரமெல்லாம் வைத்த பெரிய ஆண்கள் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வந்த ஒரு மனிதர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆரூரனையும் சியோனேயையும் தங்கள் பள்ளிக்கு ரக்பி யூனியன் விளையாட அழைத்துக்கொண்டு போனார். அங்கே இந்த இருவரையும் பற்றி "லீக்கிலிருந்து வந்த பையன்கள்" என்று சொல்வார்கள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தவர்களைச் சொல்கிற அதே தொனி. இருவருக்கும் பள்ளியின் முதல் அணியில் ஒரு சனிக்கிழமை வாய்ப்புக் கிடைத்தது. அன்றைக்கு நன்றாக ஆடினால்தான் அணியில் நிலைக்கலாம்.

காரில் போகும்போது இவர், என் வீட்டுக்காரர், எனக்கு வகுப்பு எடுத்தார். இவர் கொழும்பில் படித்தவர், யூனியன் பார்த்து வளர்ந்தவர்.

"ரெண்டும் வேற வேற விளையாட்டப்பா. இஞ்ச கணக்கே இல்லை. எத்தின தரம் விழுந்தாலும் பந்து எங்களோடதான்."

"பந்து ரெண்டிலயும் முட்டை மாதிரித்தானே இருக்கு?"

"நீர் ஒண்டும் கத்தாம இரும். அது காணும்."

பின் இருக்கையிலிருந்து மகன், "அம்மா, ப்ளீஸ்," என்றான். ஆங்கிலத்தில் அவன் கெஞ்சினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சரி என்று தலையாட்டினேன்.

மைதானத்தில் தாய்மார்கள் எல்லோரும் தொப்பி அணிந்திருந்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சீஸும் திராட்சையும். நான் பழைய லீக் கழகத்து ஜாக்கெட்டோடு, மடக்குக் கதிரையை ஒரு கையிலும் ஃபொயிலில் சுற்றிய, வீட்டில் பொரித்த ரோல்ஸை மறு கையிலும் தூக்கிக்கொண்டு போய் நடுவில் உட்கார்ந்தேன். (பின்னால் இடம் இருந்தது. இவர் காட்டினார். கேட்டால்தானே.)

தொடங்கியவுடனேயே ஆரூரன் பந்தோடு விழுந்தான். லீக்கில் என்றால் விழுத்தியவன் எழுந்து வழிவிட வேண்டும். இங்கே என்னடாவென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து அவன்மேல் விழுகிறார்கள். நடுவர் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஐயோ, என்ர பிள்ளை அடியில கிடக்குது!" என்று எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தொப்பிக்காரப் பெண் என் கையைத் தட்டி, "பயப்படாதீர்கள், இந்த விளையாட்டில் இது சாதாரணம்," என்றாள் ஆங்கிலத்தில். இவர் என் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார். அதன் பிறகு எறிந்த பந்தைப் பிடிக்க ஒரு பையனை இரண்டு பேர் காற்சட்டையைப் பிடித்து ஆகாயத்துக்குத் தூக்கியபோதுகூட நான் வாயே திறக்கவில்லை. ஜாக்கெட்டின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் எங்கள் பையன்கள் இருவரும் பிரமாதமாக ஆடினார்கள். தொப்பிக்காரிகூட ஆரூரனைக் காட்டி, "அந்தப் பத்தாம் நம்பர் யாருடைய மகன்?" என்று கேட்டாள். எனக்குக் கதிரை கொள்ளவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம். நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். பந்து எங்களிடம். நேரம் முடியும்வரை அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், வெற்றி எங்களுக்கு. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டது. ஒரு பையன் பந்தோடு முட்டி விழுந்தான். அடுத்தவன் எடுத்து முட்டி விழுந்தான். மூன்றாவது ஆள் சியோனே. என் உதடு அசைவதை இவர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. நாலாவது ஆளும் விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். பந்து ஆரூரனின் கைக்கு வந்தது.

"அஞ்சு! அடி!"

அந்த அமைதியில் அது கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரிப் போனது.

ஆரூரன் யோசிக்கவே இல்லை. உதைத்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக உதைத்ததில்லை. பந்து வானத்தில் ஏறி மைதானத்தின் மறுகோடிக்குப் போனது. சியோனே மட்டும் வழக்கம்போல அதைத் துரத்திக்கொண்டு தலைதெறிக்க ஓடினான். எங்கள் அணியின் மிச்சப் பதின்மூன்று பேரும் உப்புத்தூண் மாதிரி நின்றார்கள். எதிரணிப் பையன் பந்தைப் பிடித்தான், சியோனேயைச் சுற்றிக்கொண்டு, நின்ற தூண்களுக்கு நடுவில் ஓடி வந்து, எங்கள் கோட்டுக்குள் வைத்துப் புள்ளிகளை எடுத்தான். விசில். தோல்வி.

பயிற்சியாளர் மைதானத்துக்குள் வந்தார். நாங்கள் நின்ற பக்கமாகத்தான் பையன்கள் வெளியே வந்தார்கள், அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"ஏன் உதைத்தாய்?"

என் மகன் நிலத்தைப் பார்த்தபடி, "என் பிழை, சேர். தெரியாமல் செய்துவிட்டேன்," என்றான்.

ஆனால் சியோனே நேர்மையான பிள்ளை. மூச்சு வாங்க வாங்க, "இல்லை சேர், அன்ரி சொன்னா. அஞ்சு," என்றான்.

"அஞ்சு என்றால்?"

"தமிழில் ஐந்து, சேர். கடைசி வாய்ப்பு. உதைக்க வேணும்."

பயிற்சியாளர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். நான் இவருக்குப் பின்னால் ஒளிந்தேன். கைப்பிடித்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? யாரோ தெரியாதவர்போல ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். தொப்பிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. கையில் ரோல்ஸ் பொட்டலம் இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பயிற்சியாளரிடம் ஒன்றை நீட்டினேன். பாவம், அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துக்கொண்டார்.

காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குக் கிட்டவுள்ள பெண்டில் ஹில் தாண்டியதும்தான் எனக்கு வாய் வந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளடா. இனி நான் மட்சுக்கு வரேல்லை."

"நீங்க கத்தினதில பிரச்சினை இல்லையம்மா," என்றான் அவன், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "எனக்கு அது பிழையெண்டு தெரியும். ஆனா உங்கட குரல் கேட்டவுடன என்ர கால் என்னைக் கேக்காமப் போயிட்டுது."

சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இவருக்கு. நான் மட்டும் வீடு வரும்வரை அழுதேன்.

அடுத்த சனிக்கிழமையும் இருவருக்கும் அணியில் இடம் கொடுத்தார்கள். அன்று பயிற்சியாளர் என்னிடம் வந்து, மிகுந்த மரியாதையோடு, இறைச்சி சுட்டு விற்கும் பார்பிக்யூவுக்கு ஆள் தட்டுப்பாடு, என்னைப் போன்ற ஒருவர் உதவினால் பள்ளிக்கூடமே நன்றியோடு இருக்கும் என்றார். பார்பிக்யூ இருந்தது உடைமாற்றும் கட்டடத்துக்குப் பின்னால், இரண்டு சுவர்கள் தாண்டி. மாட்டிறைச்சியே தொடாத நான், ஆரூரன் படித்து முடிக்கும்வரை அங்கே நின்று இடுக்கியால் மாட்டிறைச்சிச் சொசேஜ் புரட்டினேன். கைதட்டல் கேட்டால் எட்டிப் பார்ப்பேன், சுவர் தெரியும்.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள், "மகன் ரக்பி விளையாடினவராமே, நீங்கள் மட்ச் பார்க்கப் போறனீங்களோ அன்ரி?" என்று என்னைக் கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன் இவர் முந்திக்கொள்வார்.

"ஓம் ஓம். இவ ஒரு மட்சையும் தவறவிடேல்லை. ஒரு மட்சையும் பார்க்கவுமில்லை."