சுவரில் தொங்கும் சகலை

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

இடம், பொரித்த கோழியும் பன்னும் விற்கும் கடையின் பின்னறை. மேனேஜர், முதுகு சாய்க்க வசதியுள்ள ஒரே நாற்காலியில். கவுன்ட்டரில் நிற்கும் இளைய சகலை, எண்ணெய் நிறைந்த டின்னின் மேல். அது ஆடாது. கோழி பொரிக்கும் மூத்த சகலை, காலி டின்னின் மேல். அது ஆடும். பன் அடுக்கும் பெண், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல். துப்புரவு அக்கா மட்டும் உட்காரவில்லை, துடைப்பக் கம்பில் சாய்ந்து நின்றாள். பத்து மணி நேர வேலையில் உட்காருவதற்கென்று கடை ஒதுக்கிய நேரம் அந்தக் கூட்டம் ஒன்றுதான் என்பதால் யாரும் கூட்டத்துக்கு மட்டம் போடுவதில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மாதமும் நட்சத்திரம் கவுன்ட்டர்தான் என்றார்.

மூத்த சகலையின் டின் ஆடியது.

கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஒரு சட்டம் தொங்கும். மேலே ‘இம்மாத நட்சத்திரம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே மூன்றாவது மாதமாக இளைய சகலை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மாதப் பிறப்பில் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டுவார், நட்சத்திரம் அதில் கையெழுத்துப் போடும். மூத்த சகலைக்குப் படத்தைவிட அந்தக் கையெழுத்தைப் பார்த்தால்தான் அதிகமாக எரிந்தது. படம் மாட்டியது போதாதா, கையெழுத்து வேறா, இவன் என்ன சினிமாக்காரனா?

எரிச்சலுக்கு நியாயம் இருந்தது. இளைய சகலையை அந்தக் கடையில் சேர்த்துவிட்டதே மூத்த சகலைதான். கொழுந்தியாள் வீட்டுக்காரன் சும்மா இருக்கிறானே என்று மேனேஜரிடம் சிபாரிசு செய்து, முதல் நாள் கையைப் பிடித்து அழைத்து வந்து, தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டதும் அவர்தான். அவர் ஒன்பது வருடமாக எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறார். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த புள்ளிகள். அத்தனை புள்ளிக்கும் ஒரு படம் கூட இல்லை. இவன் வந்து எட்டு மாதம். சிரித்ததைத் தவிர வேறென்ன செய்தான்?

இதற்கு முன் அந்தச் சட்டத்துக்குள் இருந்தவர்கள் ஒருவர்கூட இப்போது கடையில் இல்லை. எல்லாரும் பெரிய கிளைக்குப் போய்விட்டார்கள் என்பது மூத்த சகலையின் கணிப்பு. போகும்போது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. பதவி வந்தால் மனுஷனுக்குத் தலைகால் புரிவதில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். வருடா வருடம் மேனேஜர் துப்புரவு அக்காவையும் கூப்பிட்டுப் பார்ப்பார். அவள், "எனக்குப் போட்டோன்னாலே கூச்சம் சார்" என்று துடைப்பத்தோடு நழுவிவிடுவாள். தேடி வரும் அதிர்ஷ்டத்தை எட்டி உதைக்கும் இப்படியும் ஒரு ஜென்மம் என்று மூத்த சகலை வியப்பார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். "என் தங்கச்சி வீட்டுக்காரர் படத்தை இந்த மாசமும் இறக்கலையாமே" என்று மனைவி தட்டை வைக்கும்போது சொன்னாள். குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். படத்தை இறக்க வேண்டுமானால் படத்தில் இருப்பவனை முதலில் இறக்க வேண்டும்.

கடையில் கை கழுவும் தாள் என்று ஒன்று உண்டு. அரை மணிக்கு ஒரு முறை கையைக் கழுவிவிட்டுக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டம் அம்மும் நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறை மூச்சு விடவே நேரம் கிடைக்காது. அதனால் கடை மூடும்போது எல்லாரும் இருபது கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுப் போவார்கள். மூத்த சகலையும் அப்படித்தான். ஆனால் அவர் முறையான ஆள், நடுநடுவே பேனாவை மாற்றிக்கொள்வார். இளைய சகலைக்கு அந்த நுணுக்கம் வராது. இருபது கையெழுத்தும் ஒரே மையில், ஒரே பக்கம் சாய்ந்து, காற்றடித்த செடி மாதிரி நிற்கும்.

அந்தத் தாளை மேனேஜரின் மேசையில் வைத்து, "நான் குறை சொல்லல சார். கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்" என்றார்.

மேனேஜர் தாளைப் பார்த்தார். பிறகு எல்லாருடைய தாளையும் பார்த்தார். நெடுநேரம் யோசித்துவிட்டு, இங்கே சுகாதாரத்துக்குப் பொறுப்பு உங்கள் சகலைதான், ஆகவே இனிமேல் அவரே ஒவ்வொருவர் கையையும் நேரில் பார்த்துச் சரி என்று எழுதட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை கவுன்ட்டரிலிருந்து தலை எட்டிப் பார்க்கும்.

"கையைக் காட்டுங்க சகலை."

மூத்த சகலை காட்டுவார்.

"திருப்புங்க."

திருப்புவார். தன் கல்யாணத்தில் மாமனாரிடம்கூட அவர் அப்படிக் கையை நீட்டியதில்லை. எண்ணெய் கொதிப்பது சட்டியிலா, தன் வயிற்றிலா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. நட்சத்திரம் போதாதென்று சுகாதாரப் பொறுப்பாளர் பதவி வேறு. யார் வாங்கிக் கொடுத்தது? அவரேதான்.

அடுத்ததாக, தன் சுத்தத்தை ஊரறியச் செய்வது என்று கிளம்பினார். பத்து நாளைக்கு ஒரு முறை மாற்றும் எண்ணெயை மேனேஜரைக் கேட்காமலே ஒரு நாள் காலையில் மாற்றினார். சட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்த கரியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தோள்பட்டை கழன்றது. சட்டி கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டார், சட்டத்துக்குள் இருப்பது போலவே இருந்தது.

ஆனால் புது எண்ணெயில் பொரிந்த கோழி வெளிறிப்போய் வந்தது. வழக்கமாக வரும் செம்பழுப்பு நிறம் பழைய எண்ணெய் கொடுத்த சீதனம் என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. வேகவில்லை என்று நாலு பேர் திருப்பிக் கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மாள், கோழிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இளைய சகலை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு குளிர்பானம் கொடுத்து, சிரித்த முகமாக அனுப்பி வைத்தார். அன்று கருத்துப் பெட்டியில் விழுந்த பதினொரு சீட்டில் ஒன்பது, ‘கவுன்ட்டரில் இருப்பவர் தங்கமானவர்’ என்றன. மிச்சம் இரண்டு கோழியைப் பற்றியவை.

இவ்வளவையும்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை மாமனார் குடும்பத்தோடு கடைக்கு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுவரில் தொங்கும் படத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். மாமனார், மாமியார், கொழுந்தியாள், அவர்களோடு அவருடைய சொந்த மனைவி. சட்டத்துக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். இளைய சகலை நடுவில். சட்டத்துக்குள்ளும் இளைய சகலை. எல்லாரும் படத்தில் விழ வேண்டும், எடுக்க ஆள் இல்லை.

"உள்ள பெரிய மாப்பிள்ளை இருப்பாரே, அவரைக் கூப்பிடுங்க" என்றார் மாமனார்.

பெரிய மாப்பிள்ளை தலையில் வலைத்தொப்பியும் நெஞ்சில் மாவுமாக வெளியே வந்தார். மாமனார் போனை அவர் கையில் கொடுத்தார். மனைவி, "கையைத் துடைச்சுட்டுப் பிடிங்க" என்றாள். அவர் துடைத்துக்கொண்டு நாலு படம் எடுத்துக் கொடுத்தார். நாலிலும் இளைய சகலை தெளிவாக விழுந்திருந்தார். மாமியார் பார்த்துவிட்டு, பெரியவர் நல்லாத்தான் எடுக்கிறார் என்று பாராட்டினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மேசையில் ஒரு தாளை விரித்தார். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் பாடத்தில் எப்போதும் அவர்தான் முதல் மதிப்பெண். ஓரத்தில் கோடு கிழித்தார். அனுப்புநர்: நலம் விரும்பும் ஒருவர். பெறுநர்: சுகாதார அலுவலர் அவர்கள். பொருள்: உணவகத்தின் சீர்கேடு குறித்து.

எழுத ஆரம்பித்தபோது சகலைதான் மனதில் இருந்தார். எழுத எழுதக் கடையே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐஸ் இயந்திரத்தின் மூடிக்கு உள்பக்கம் பூஞ்சை படர்ந்திருப்பது. மேசை துடைக்கும் துணியே தட்டையும் துடைப்பது. நறுக்கிய காய்கறி டப்பாவில் தேதிச்சீட்டு மட்டும் தினமும் புதிதாவது. காலையில் மாட்டிய கையுறையைச் சாயங்காலம்தான் கழற்றுவது. காய்ச்சல் என்று சொன்னால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்கள் என்று பயந்து, பன் அடுக்கும் பெண் இருமிக்கொண்டே பன் அடுக்கியது. பத்து மணி நேரத்துக்கு ஒரு நாற்காலி இல்லாதது. ஒன்பது வருடத்தில் இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கணம் பேனா நின்றது. பிறகு கையைத் திருப்புங்க என்ற குரல் காதில் கேட்டது, மளமளவென்று ஓடியது.

சொந்தக்காரன் பெயரை எழுதக் கை வரவில்லை. அதனால் கடைசிப் பத்தியை இப்படி முடித்தார்:

‘மேற்கண்ட அனைத்துக்கும் இக்கடையின் சுகாதாரப் பொறுப்பாளர் எவரோ அவரே முழுப் பொறுப்பு. அவரை வேலையை விட்டு நீக்கினாலன்றி இது திருந்தாது. எனக்கு எதுவும் தெரியாது என்பார், நம்ப வேண்டாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பார், அதையும் நம்ப வேண்டாம்.’

வாசித்துப் பார்த்தார். ஒரு பிழை இல்லை. உறையில் போட்டு முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டினார். உறையை ஒட்டலாம் என்றால் வீட்டில் பசை காய்ந்துபோயிருந்தது. கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மறுபடி மாதப் பிறப்பு. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் மாற்றம் எதுவும் இல்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். இம்மாத நட்சத்திரம், ஒன்பது வருட அனுபவமுள்ள நம் மூத்தவர் என்றார்.

காலி டின் ஆடவில்லை. அதன் மேல் இருந்தவர் மூச்சே விடவில்லை.

"உங்க சகலைதான் பிடிவாதமா சொன்னார்" என்றார் மேனேஜர். "மூணு மாசமா கெஞ்சறார், எனக்கு வேண்டாம், பெரியவருக்குக் குடுங்கன்னு."

"எனக்கெல்லாம் இது அதிகம் சார்" என்றார் இளைய சகலை. "சகலைக்குத்தான் பொருத்தம்."

படம் எடுத்தார்கள். வலைத்தொப்பியைக் கழற்றித் தலை சீவ இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மேனேஜர் காகிதத்தை நீட்டினார். மூத்த சகலை அதைப் படிக்கவில்லை, கையெழுத்து எங்கே அழகாக விழும் என்று மட்டும் பார்த்தார். பெயரின் கடைசி எழுத்தை நீட்டி வளைத்து, கீழே ஒரு கோடும் கிழித்து, இரண்டு புள்ளியும் வைத்தார். ஒன்பது வருடமாக மனதுக்குள் போட்டுப் பார்த்த கையெழுத்து. மனைவிக்குப் போன் செய்தார். சாயங்காலம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். போனை யார் பிடிப்பார்கள் என்று அவர் கேட்டார். தங்கச்சி வீட்டுக்காரர் பிடிக்கட்டுமே என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு இன்னொரு முறை கல்யாணம் ஆனது போல இருந்தது.

மத்தியானம் சட்டைப் பையில் உறை நெருடியது. பாவம், விட்டுக் கொடுத்தவன். கிழித்துப் போட்டுவிடலாம் என்று பின்னறைக்குப் போனார்.

அங்கே இளைய சகலை உட்கார்ந்திருந்தார். நிறைந்த டின்னில் இல்லை, மேனேஜரின் நாற்காலியில். காலை நீட்டி, கண்ணை மூடி, வாயில் ஏதோ பாட்டு. படம் போன வருத்தம் மருந்துக்குக்கூட இல்லை.

"மூணு மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சகலை நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிட்டேன்" என்றார் கண்ணைத் திறக்காமலே.

மூத்த சகலையின் வயிற்றில் அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. படத்தையே விட்டுக் கொடுத்துவிட்டு ஒருவன் இப்படிப் பாடுகிறான் என்றால், அதைவிடப் பெரிதாக ஏதோ கிடைத்திருக்கிறது. நாற்காலி கிடைத்துவிட்டது. அடுத்தது பெரிய கிளைதான். எச்சில் தட்டை நீட்டுவது போலப் படத்தை நீட்டியிருக்கிறான். அவர் கணக்குப் போட்டார்: நட்சத்திரம் இப்போது நான். சுகாதாரப் பொறுப்பாளர் இன்னமும் அவன். அலுவலர் வந்தால் பொறுப்பாளருக்குத்தான் வேட்டு. அவன் போவான், கடை சுத்தமாகும், நான் சுவரில் இருப்பேன். இதில் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பசை தேடினார், கிடைக்கவில்லை. கோழிக்குத் தடவக் கரைத்து வைத்திருந்த மாவில் ஒரு விரல் எடுத்து உறையின் வாயில் இழுத்து, கட்டை விரலால் நீவி நீவி அழுத்தினார். மாவு இறுகியது. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் புறப்பட்ட துப்புரவு அக்காவிடம், தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிடுங்கள் என்று கொடுத்தார். அவள் முகவரியை ஒரு தரம் படித்தாள், அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"சீக்கிரம் போங்கக்கா. நாலு மணிக்கு எடுத்துடுவாங்க."

அவள் போனாள். கதவு இடுக்கு வழியாக அவர் பார்த்துக்கொண்டே நின்றார். உறை பெட்டிக்குள் விழுந்தது. அவர் மூச்சு விட்டார்.

திரும்பி வந்தவள் கையைக் கழுவினாள், துணியை எடுத்தாள், சுவரிலிருந்த புதுப் படத்தைக் கழற்றித் துடைத்தாள். சட்டத்தின் பின்பக்கம் மடித்துச் செருகியிருந்த காகிதம் நழுவி வந்தது. அதைப் பிரித்து, கீழே கோடும் இரண்டு புள்ளியும் வைத்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு மறுபடி செருகினாள்.

"போட்டாச்சு தம்பி" என்றாள். "சுகாதாரப் பொறுப்பாளர் நான்தான்னு இதுல எழுதிக் குடுத்த கையோட அதிகாரிக்கே கடுதாசியும் போடறீங்களே, உங்க தைரியம் எனக்கு வராது. இந்தக் காகிதத்துக்குப் பயந்துதான் ஏழு வருஷமா எனக்குப் போட்டோன்னா கூச்சம்னு சொல்லிட்டிருக்கேன்."