ஒரிஜினல் நம்பர்

“அன்பார்ந்த உறவினர்களே” என்று செபஸ்தியன் மைக்கில் சொன்னார். பதிலுக்குப் புகை வந்தது.

மகள் ரொஷேலின் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். வரவேற்பில் தகப்பன் பேச வேண்டுமாம். பேசிப் பழக ஒரு மைக் கிடைத்தது. அதைச் சொருகக்கூடிய பொருள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது ஒருவரும் தொடக்கூடாத பொருளும்கூட: மைத்துனர் எட்வேட்டின் கிட்டார் ஆம்ப்.

எட்வேட், செபஸ்தியனின் மனைவி றோஸியின் அண்ணன். மெல்பேர்னில் குடியேறியபோது ஆம்பைத் துவாயால் மூடி, கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டு அறை மூலையில் வைத்துவிட்டுப் போனவர். நான்கு வருடத்துக்கு முன் ஒருமுறை வந்தார். திரும்பும்போது செபஸ்தியனின் கையைப் பிடித்து, “மச்சான், உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறன்” என்றார்.

மாமா அந்த ஆம்பில் வாசிக்க, தான் மண்டபத்துக்குள் நடந்து வர வேண்டும். ரொஷேல் பத்து வயதிலேயே இதை முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பிறகுதான் தேடினாள்.

“அண்ணாட்ட உண்மையச் சொல்லுங்க” என்றாள் றோஸி.

“சொன்னா மனுசன் கல்யாணத்துக்கு வந்தும் என்ட முகத்தைப் பாக்கமாட்டார்.”

“உங்கட முகத்தைப் பாக்கவா அவ்வளவு தூரத்திலயிருந்து வாறார்?”

செபஸ்தியன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஜம்பட்டா வீதிக்குப் போனார். ரேடியோ திருத்தும் ஹாஷிம் நானா அதைத் திறந்து, எரிந்த டிரான்சிஸ்டரைக் கழற்றிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார்.

“இந்த நம்பர் இப்ப வாரல்ல. ஈக்குவலன்ட் ஈக்கிது.”

“அதென்ன?”

“மாத்துச் சாமான். பேரு வேற, வேல ஒண்டுதான்.”

“வேணாம் நானா. ஒரிஜினல்ல என்ன இருந்ததோ அதே நம்பர்தான் வேணும்.”

“ஆம்புக்கு இந்த நம்பர் போட்டு நான் கண்டதே இல்லயே.”

“வெளிநாட்டுக் கம்பனி. அவன் யோசிக்காமப் போடுவானா?”

“அதுவும் செரிதான்” என்றார் ஹாஷிம், மரியாதையோடு.

செபஸ்தியன் இரண்டு நாள் புறக்கோட்டை, வெள்ளவத்தை, பாமன்கடை என்று அலைந்தார். அந்த நம்பர் எங்கும் இல்லை. கடைசியில் ஈக்குவலன்ட்தான்.

ஆம்ப் உயிர் பெற்றது. அரை மணி நேரத்தில் அதன் முதுகில் தோசை சுடலாம் போலச் சூடேறியது. ஹாஷிம் பழைய கொம்பியூட்டர் விசிறி ஒன்றைப் பின்னால் பூட்டினார். சூடு போனது. விசிறியின் இரைச்சல் ஸ்பீக்கருக்குள் வந்தது. அதை விழுங்க ஒரு பெரிய கண்டென்சர் வேண்டுமென்றார். அது பெட்டிக்குள் அடங்கவில்லை. பால்மா டின் ஒன்றுக்குள் அதை வைத்து, இரண்டு முழ வயரில் வெளியே தொங்கவிட்டார்.

இரைச்சல் நின்றது. பக்கத்துத் துறைமுகம் பேசத் தொடங்கியது.

“பஸ்ஸட்ட, பஸ்ஸட்ட” என்றது ஸ்பீக்கர், சிங்களத்தில். பின்னுக்கு எடு, பின்னுக்கு எடு. பாரந்தூக்கி ஓட்டுபவருக்கு யாரோ வோக்கி டோக்கியில் வழி காட்டிக்கொண்டிருந்தார்.

“வயரு ஏரியலா வேல செய்யிது” என்றார் ஹாஷிம். தொழிலில் இது ஒரு வெற்றி என்பதுபோல இருந்தது அவர் குரல்.

“நானா, எனக்குக் கிட்டார்தான் கேக்கோணும். கொண்டேனர் இல்ல.”

கல்யாணக் கேக் சுற்ற றோஸி வாங்கி வைத்திருந்த வெள்ளித்தாளில் பாதியை டின்னும் வயரும் தின்றன. றோஸி அன்று அவரோடு கதைக்கவில்லை. துறைமுகமும் கதைக்கவில்லை. அது போதும் என்று செபஸ்தியன் எல்லாவற்றையும் துவாயால் மூடினார்.

கோயில் மண்டபம் வீட்டைவிடத் துறைமுகத்துக்குக் கிட்ட. அது அவருக்குக் கல்யாணத்தன்று, மகளின் கை தன் கைக்குள் இருக்கும்போதுதான் உறைத்தது.

எட்வேட் துவாயை விலக்கினார். விசிறியையும் டின்னையும் பார்த்தார். நிமிர்ந்து செபஸ்தியனைப் பார்த்தார். செபஸ்தியன் கூரையைப் பார்த்தார். எட்வேட் ஒன்றும் கேட்காமல் கிட்டாரைச் சொருகினார்.

இசை நன்றாகத்தான் தொடங்கியது. ரொஷேல் கண் கலங்கியபடி நான்கு அடி வைத்தாள்.

“பஸ்ஸட்ட! பஸ்ஸட்ட!” என்றது ஆம்ப்.

ரொஷேல் திடுக்கிட்டு இரண்டு அடி பின்னால் வைத்தாள்.

“ஹரி, நவத்தன்ன!” சரி, நிறுத்து.

அவள் நின்றாள். மாப்பிள்ளையின் தாய் சிலுவை போட்டுக்கொண்டார்.

“டடி, என்ன இது?” என்றாள் ரொஷேல் பல்லைக் கடித்துக்கொண்டு.

செபஸ்தியன் எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுவோம் என்று நினைத்தார். அதற்குள் எட்வேட் மைக்கை இழுத்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஒருத்தரும் பயப்படாதீங்க! பழைய ஆம்ப். ஒரிஜினலே இப்பிடித்தான்!”

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. எட்வேட் முதலிலிருந்து வாசித்தார். துறைமுகத்தில் தேநீர் நேரமோ என்னவோ, பெண் மேடைவரை நிம்மதியாக நடந்தாள்.

சாப்பாட்டு நேரம் செபஸ்தியன் எட்வேட்டைத் தேடிப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு. எட்வேட் அவரைக் கண்டதும் அள்ளி அணைத்தார். “மச்சான், நீ ஒரு கேள்வி கேக்கேல்ல பார். உன்னை மாதிரி ஆள் வராது” என்றார். மறுமொழிக்கு நிற்காமல் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

செபஸ்தியன் கோப்பையுடன் அப்படியே நின்றார். தான் ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை.

எட்வேட்டின் மனைவி றேணுகா மெதுவாக அவருக்குப் பக்கத்தில் வந்தாள்.

“கோவிக்காதீங்க அண்ணா, போன தரம் வந்து ஆம்பை எரிச்சதும் அவர்தான், உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு உங்கட பழைய டீவிக்குள்ள இருந்து ஒரு சாமானக் கழட்டி அதுக்குள்ள போட்டு மூடினதும் அவர்தான்.”