சின்யோராவின் இடது பக்கத்தில் நின்று சொன்ன சம்மதம்

இயேசு மரி சூசை துணை

அல்பெர்கேரியா, பலெர்மோ
ஞாயிறு பின்னேரம்

மன்னார், பேசாலையில் வாழும் என் மூத்த சகோதரி, எனக்குத் தாய்க்குச் சமமான அக்கா அவர்களுக்கு, தம்பி பேனாட் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் மனைவி சூசையம்மாவும் மகள் கிளறாவும் இங்கே சுகம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், வெள்ளாடு குட்டி போட்டிருக்கும் என்றும், கோவில் கூரைக்கு ஓடு வந்து சேர்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இவை மூன்றையும் நீங்கள் போனில் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் எதற்கு வலி, எது வந்து சேர்ந்தது, எது குட்டி போட்டது என்பது எனக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. மாறி விசாரித்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். அக்கா, இனிமேல் போனில் என் வாயை நான் நம்பத் தயாராயில்லை. பேனையைப் பிடித்தால் கண்ணும் கையும் புத்தியும் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். இங்கிருந்து ஊருக்கு லீவில் வரும் நம்மூர் அகஸ்ரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் அடுப்பை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தனியாக இருந்து வாசிக்கவும். விஷயம் இதுதான்: கிளறாவின் கலியாணத்துக்கு நான் சொன்ன சம்மதத்தைத் தயவுசெய்து திருப்பித் தரவும். அதை நான் கவனமில்லாமல் கொடுத்துவிட்டேன்.

கோபப்படாமல் முழுவதையும் கேளுங்கள். பலெர்மோவில் இருக்கிற ஒரு தமிழனைப் பிரித்துப் பார்த்தால், கை இத்தாலிக்காரரின் யன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கும், காது கனடாவில் இருக்கும், வாய் மன்னாரில் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "அழாதை, எல்லாம் சரிவரும்" என்பார். நம் துன்பம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று உருகிப்போய்த் திரும்பினால், அவர் நோர்வேயில் இருக்கும் தங்கச்சியைத் தேற்றிக்கொண்டிருப்பார். எங்கள் தமிழ்ப் பூசையில் பிரசங்கத்துக்கு முதல், காதில் செருகியிருக்கும் இயர்போனைக் கழற்றச் சொல்லிச் சுவாமியார் அறிவிப்பார். உடனே எல்லோரும் பயபக்தியோடு ஒரு காதில் இருப்பதைக் கழற்றுவோம். பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்ற ஒருவர், "கொஞ்சம் பொறுங்கோ ஃபாதர், லைன்ல ஆள் நிக்குது" என்று சொன்னதாகவும் கேள்வி. உங்களையும் சும்மா விட முடியாது. மங்கள வார்த்தையில் தொடங்கி, "அந்தப் பூனை மீனைத் தூக்குது, கல்லை எடு" என்று முடிகிற செபமாலையை நான் உங்களிடம்தான் கேட்டிருக்கிறேன்.

இனி சின்யோரா, அதாவது என் எசமானியம்மா. இங்கே சீசா என்ற பகுதியில் நான் பார்த்துக்கொள்ளும் சின்யோரா லுக்ரேசியாவுக்குப் போன மாரியில் பாரிசவாதம் வந்தது. மூளையின் வலது பக்கத்தில் அடி. உயிர் தப்பினார், நடக்கிறார், என்னைத் திட்டுகிற அளவுக்குப் பேச்சும் திரும்பிவிட்டது. ஆனால் உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை அவர் அடியோடு மறந்துவிட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். கிளறா பிசியோதெரபி வேலையில் இப்படியானவர்களை நாளும் பொழுதும் பார்க்கிறவள் அல்லவா, அவள்தான் சொன்னாள்: கண் காட்டுகிறது, மூளை அந்தப் பக்கத்தைச் சட்டை செய்வதில்லை. பாஸ்தா வைத்தால் தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இந்த வீட்டில் பட்டினி போடுகிறார்கள் என்று முறைப்பாடு செய்வார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். இரண்டாம் தட்டு வந்துவிட்டதாக நினைத்து என்னை ஆசீர்வதிப்பார். உதட்டுச் சாயமும் பாதி வாய்க்குத்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இடது பக்கம் எனக்குப் பெரிய வசதியாகிவிட்டது. வலது பக்கத்தில் நின்றால் நான் வேலைக்காரன். இடது பக்கத்தில் நின்றால் நான் என்று ஒருவனே இல்லை. அந்தப் பக்கத்துச் சத்தத்தையும் அவர் பெரிதாக எடுப்பதில்லை. ஆகவே தேத்தண்ணி குடிப்பது, கொஞ்சம் சாய்ந்து இருப்பது, உங்களோடு கதைப்பது எல்லாம் இடது பக்கத்தில் என்று வைத்துக்கொண்டேன். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி மேசையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டிவிட்டுப் போனாள். "சிவப்பைக் காணும்வரை தலையைத் திருப்புங்கள், சின்யோரா." இவ்வளவுதான் பாடம். சின்யோரா மெல்ல மெல்லத் தட்டின் முக்கால்வாசியைச் சாப்பிடத் தொடங்கினார். அதைக் கண்ட அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நீங்கள் போன் எடுத்த அன்று நான் போட்டிருந்தது நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் அனுப்பிய சிவப்புச் சேட்டு. இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மரியாதையோடு சுட்டிக்காட்டுகிறேன். நான் இடது பக்கத்தில் நின்று அலுமாரி துடைக்கிறேன், நீங்கள் காதுக்குள் ஆட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சின்யோரா பாடத்தை நினைத்து, சிவப்பைத் தேடித் தலையைத் திருப்பினார். அவர் பார்வை நாடாவைத் தாண்டி என்னில் வந்து நின்றது. "மதோன்னா, வீட்டுக்குள் ஒரு ஆள் நிற்கிறான்" என்று கைத்தடியை எடுத்தார். நான் பயந்துபோய் வலது பக்கத்துக்கு ஓடினேன். உடனே முகம் மலர்ந்தது. "பேனாட், நல்ல நேரம் வந்தாய். அந்தப் பக்கம் ஒரு கள்ளன் நிற்கிறான், சிவப்புச் சேட்டு, போய்ப் பிடி" என்றார். சொன்ன வேலையைச் செய்து பழகிய உடம்பு, அக்கா, யோசிக்காமல் நான் இடது பக்கம் போனேன். "அவன்தான்" என்று தோளில் ஒன்று போட்டார். மறுபடி வலது பக்கம் வந்தேன். "பிடித்தாயா?" என்றார்.

இந்தக் கலவரத்துக்குள் காதில் நீங்கள், "நல்ல குடும்பம், நல்ல குணம், குடி வெறி ஒண்டும் இல்லை. தம்பி, என்ன சொல்லுறாய்? ஒரு முடிவைச் சொல்லு" என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஆட்டை யாருக்கோ விற்கப் போகிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். குடி வெறி இல்லாத ஆடு என்று ஒன்று உண்டா என யோசிக்க எனக்கு அப்போது நேரம் இருக்கவில்லை, கைத்தடி இரண்டாம் முறை ஓங்கிவிட்டது. "ஓம் அக்கா, எனக்குப் பூரண சம்மதம், கதைச்சு முடியுங்கோ" என்று சொல்லிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் பதுங்கினேன். நடந்தது இதுதான். இதில் தகப்பனின் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

நான் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியவருமுன் பேசாலைக்கும் ரொறன்ரோவுக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் அகஸ்ரின் கட்டிப்பிடிக்கிறான். "மச்சான், கிளறாவின்ரை கலியாணம் ஒப்பேறிட்டுதாம், பெடியன் இத்தாலியிலதானாம், பொலோனியாவில மெக்கானிக்காம், பேர் டினேஷாம், சந்தோசம்." பெற்ற பிள்ளையின் கலியாணத்தை எவனோ சொல்லித் தெரிந்துகொள்கிற தகப்பன் என்று காட்டிக்கொள்ள முடியுமா? "ஓம், ஓம், எல்லாம் ஆண்டவர் செயல்" என்று சிரித்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் போகும்போது பெடியனின் தாய் ஊரிலிருந்து போன் எடுத்து, "சம்பந்தி, தையிலை வைப்பமே?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் முன்னால் நிற்கிறார், டிக்கெட் எந்தப் பொக்கெற்றில் என்று தெரியவில்லை. "வையுங்கோ, வையுங்கோ" என்று சொல்லிவிட்டேன். இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக என் பிள்ளையை நானே கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு மருந்து என்ன என்று கிளறாவையே சுற்றி வளைத்துக் கேட்டேன், கலியாணக் கதையை எடுக்காமல். "அப்பா, ஒரே நேரத்தில ரெண்டு வேலை செய்யிறன் எண்டு நினைக்கிறது சும்மா. மூளை அங்கையும் இஞ்சையும் பாய்ஞ்சு திரியுது. சிலதுக்கு நாங்களாக் கவனத்தைத் திருப்புறம். சிலது, சத்தம் மாதிரி, தானா இழுத்துக்கொண்டு போகுது. இழுபட்டுப் போற நேரத்தில சொல்லுறது ஒண்டும் பதியாது" என்றாள். "காது கேட்டுக்கொண்டு இருந்தாலுமோ?" என்றேன். "காது கேக்கும் அப்பா. ஆள் இருக்காது" என்றாள். எவ்வளவு கெட்டித்தனமான பிள்ளை பாருங்கள். நானும் காதில் இருந்ததைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு, இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நாடா கட்டிக்கொண்டேன். நாடாவைக் காணும்போதெல்லாம் புத்தியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் நாடாவையே பார்த்துக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறி, சீசாவுக்குப் போக வேண்டியவன் பிரான்காச்சோவில் இறங்கினேன். ஆனாலும் விடவில்லை. இப்போது வீட்டில் ஒரு அசைவும் என் கண்ணுக்குத் தப்புவதில்லை.

அப்படிக் கவனித்ததில் நான் கண்டது என் நெஞ்சை உடைத்துவிட்டது, அக்கா. கிளறா சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழும்புகிறாள். பல்கனியில் நின்று யாரோடோ மெல்லிய குரலில் கதைக்கிறாள், உள்ளே வரும்போது கண் கலங்கியிருக்கிறது. போன கிழமை தாங்க முடியாமல் அவள் தலையைத் தடவினேன். "நன்றி அப்பா" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பலிக்குப் போகிற ஆட்டுக்குட்டி நன்றி சொன்னதுபோல் இருந்தது. சூசையம்மாவோ சீலைகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு ஞானப்பாட்டுப் படிக்கிறாள். கோபம் முற்றினால்தான் அவளுக்குப் பாட்டு வரும். இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்க எனக்கும் துணிவில்லை.

அக்கா, எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. பிறந்த அன்றிலிருந்து அவள் என்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. அலுமாரிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் ஆயுள் முழுக்க விலை கொடுத்தால், நான் செத்தாலும் என் மனம் ஆறாது. அந்தப் பெடியன் தங்கமானவனாக இருக்கலாம். ஆனால் நான் அவன் முகத்தைக்கூடக் கண்டதில்லை, பிள்ளையும் கண்டிருக்க மாட்டாள். கிளறாவின் பெயரை இதற்குள் இழுக்காமல், பழி முழுவதையும் என் தலையில் போடுங்கள். பேனாட்டுக்கு மூளையில் கோளாறு, சொல்வது அவனுக்கே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஊர் நம்பும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இந்தக் கலியாணத்தை நிறுத்திவிடுங்கள்.

வெற்றிமாதா உங்கள் வாசலையும் வள்ளத்தையும் காப்பாராக. அத்தானுக்கு என் பணிவான வணக்கம். ஆட்டுக்கும் அதன் குட்டிக்கும், அப்படி ஒன்று இருந்தால், என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தம்பி,
ச. பேனாட்

பி.கு.: அக்கா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஒரு இழவையும் நிறுத்த வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது கிளறா வந்துவிட்டாள். அவள் மனம் ஆறட்டும் என்று வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு முகம் வெளிறிக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்பா, டினேஷை நான்தான் விரும்பினனான். பெரியாக்கள் பேசிச் செய்த மாதிரி இருக்கட்டும் எண்டு பேசாலை மாமியை உங்களிட்டைக் கேக்கச் சொன்னதும் நான்தான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை."

"உங்களுக்குத்தான் முதல் சொன்னனான். அம்மாவுக்கும் முதல். ஈஸ்டருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். உங்களுக்கு நேர முன்னால இருந்து சாப்பிட்டவர். நீங்கள் போனைப் பாத்துக்கொண்டு 'நல்லது பிள்ளை, உனக்குச் சந்தோசம் எண்டால் எனக்கும் சந்தோசம்' எண்டு சொன்னனீங்கள். நான் குசினிக்குள்ள போய் எவ்வளவு அழுதனான் தெரியுமோ, சந்தோசத்தில."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. மாமியும் வாசிக்கட்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஈஸ்டருக்குச் சொன்னதை இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை நான் அங்கே இருந்துதான் சொன்னேன். கலியாணம் தையிலேயே நடக்கட்டும்.

ஒரே ஒரு உதவி. பெடியனின் படம் ஒன்று இருந்தால் எனக்கு மட்டும் அனுப்பிவிடுங்கள். அவன் எப்படி இருப்பான் என்று கிளறாவிடம் கேட்க எனக்கு முகமில்லை.