வண்டி வந்துடுச்சு, ஆளக் காணோம்

சைக்கிள் ஓட்டப் பழகிய உடம்பு அதை ஆயுசுக்கும் மறக்காது என்பார்கள். நானும் நம்பினேன். மறக்காது என்பது உண்மைதான். ஆனால் என் உடம்பு ஞாபகம் வைத்திருந்தது, அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு டியூஷனுக்கு மிதித்து வந்த ஒல்லிப் பையனை. இத்தனை வருஷம் கழித்து சீட்டில் ஏறி உட்கார்ந்ததோ, செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்து, எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து தானும் ஒரு குடமாகிப்போன ஆள்.

டாக்டர் என்னவோ நடக்கத்தான் சொன்னார். நடப்பது எனக்கு ஒத்துவராது (கடைக்காரன் தெருவில் நடந்தால் நாலடிக்கு ஒருத்தர் நிறுத்தி, குக்கர் கேஸ்கட் வந்துடுச்சா என்று கேட்பார்). புதுச்சேரியில் ஒரு வாடிக்கையாளர் தன்னுடைய மலையேறும் கியர் சைக்கிளை விற்கப்போவதாகச் சொன்னார். சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போனவன், அதை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினேன்.

டீக்கடையில் கேட்டார்கள். "இன்னாண்ணா, பைக்க வித்துட்டியா?"

"இல்லப்பா. இது உடம்புக்கு."

"உடம்புக்கு இன்னா?"

எல்லோரிடமும் இதே பேச்சு. ஒரு வாரத்தில் எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஊர் முடிவுகட்டியது.

ஊர் என்ன சொன்னாலும் அந்தச் சைக்கிள் எனக்கு ஓர் அதிசயமாக இருந்தது. முதல் முறை மேட்டில் கியரைக் குறைத்தபோது, யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல இருந்தது. நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. டியூஷன் நாட்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போன மேடு அது. இப்போது மூச்சு வாங்கினாலும் உட்கார்ந்தபடியே ஏறினேன். மேலே போய் நின்றபோது கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் கிளம்பிவிடுவேன். ஏரிக்கரை, கடலைக்காட்டு வண்டிப்பாதை, பாறைக் குன்றுகளின் ஓரம் என்று ஒரு வழி விடவில்லை. நாலு மாசத்தில் பேன்ட்டுக்குப் புது பெல்ட் வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தலைக்கனமும் வாங்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை தேவகியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. யாழினிக்கு அப்போது மூன்று வயது. தேவகியின் கணவர் வீட்டுக் குலதெய்வமான அம்மன் கோயிலில் விசேஷம். நான்தான் தாய்மாமன். பிள்ளையை என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தேவகிக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மாற்று மடியும் கிடையாது.

கோயில் ஒரு குன்றின் அந்தப் பக்கத்து அடிவாரத்தில் இருக்கிறது. ரோடு குன்றைச் சுற்றிக்கொண்டு போகும். குன்றின் மேலேயே ஒரு மாட்டுப்பாதை உண்டு. முந்தின நாள் சாப்பிடும்போது, நான் குன்றின் மேலாக சைக்கிளில் வருவதாக அறிவித்தேன். மச்சான் வீட்டு ஜனம் மொத்தமும் பார்க்க, மலையிலிருந்து இறங்கி வரும் தாய்மாமன் என்று மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

என் மனைவி கலா என் தட்டில் ரசத்தை ஊற்றினாள். பிறகு, "சீர்த்தட்டு, மால, தோடு எல்லாம் நான் ஆட்டோல எடுத்துட்டுப் போறேன். நீங்க மடிய மட்டும் எடுத்துட்டு வந்து சேருங்க" என்றாள்.

காலையில் சைக்கிள் கால்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தாள். உட்காரும் இடத்தில் கனமான பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்த கால்சட்டை.

"இன்னாங்க இது, கொழந்தைக்குக் கட்டிவுடற மாதிரி இருக்குது?"

"சீட்டு குத்தாம இருக்கறதுக்கு."

"அப்போ சீட்ட மாத்தறதுதானே?"

பட்டு வேட்டி சட்டையை முதுகுப்பையில் மடித்து வைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆவணி மாசம். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. குன்றில் ஏற ஏறப் பனிமூட்டம் அடர்த்தியானது. வீட்டளவு பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, இதோ விழுகிறேன் என்பதுபோல நின்றன. அவற்றின் நடுவே மூன்றடிப் பாதை. சக்கரத்தின் சத்தமும் என் மூச்சும் தவிர வேறு சத்தமில்லை. உச்சிக்கு வந்து இறங்கினேன். ஊர் இல்லை, ரோடு இல்லை, எதிரே நிற்கவேண்டிய கோட்டை மலைகளும் இல்லை. என் காலடியிலிருந்து நாலாபக்கமும் வெள்ளையாகப் பனி மட்டும். யாரும் இல்லாத இடத்தில்கூடக் குரலை எழுப்பத் தயக்கமாக இருந்தது. என்னையறியாமல் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றேன். (நல்ல வேளையாகக் கிளம்பும்போது மறுபடி மாட்டிக்கொண்டேன்.)

கீழே மேளச் சத்தம் கேட்டது. இறங்க ஆரம்பித்தேன்.

ஏறுவதற்குத்தான் நாலு மாசம் பழகியிருந்தேன். இறங்குவது தானாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். தானாகத்தான் நடந்தது. பாதை ஒரு வழுக்குப் பாறைச் சரிவில் போய்ச் சேர்ந்தது. மழையில் நனைந்து மினுமினுத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் தாய்மாமன் தள்ளிக்கொண்டா வருவான்? சரிவில் விட்டேன். பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. பயத்தில் பிரேக்கை விட்டேன். பாதி வழியில் படிபோல ஒரு விளிம்பு. அதில் வண்டி தடால் என்று குதித்தது. நான் சீட்டிலிருந்து மேலே எழும்பினேன். திரும்பி வரும்போது அங்கே சீட்டு இல்லை.

சைக்கிள் நேராகப் போனது. நான் இடதுபக்கம் போனேன். அதற்கப்புறம் நாங்கள் சந்தித்துக்கொண்டது கோயிலில்தான்.

நான் போய் விழுந்த இடம் ஒரு சுனை. பாறைப் பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீர். முங்கி எழுந்து, கை கால்களை அசைத்துப் பார்த்தேன். கணுக்கால் மட்டும் வலித்தது. உட்கார்ந்தால் தண்ணீர் கழுத்துவரைக்கும் வந்தது. கரையில் ஒரு தவளை என்னைப் பார்த்துவிட்டு நகராமலே இருந்தது.

எழுந்திருக்கலாம் என்று தலையைத் தூக்கியபோதுதான் எதிரே பனி விலக ஆரம்பித்தது.

முதலில், செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் பெரியதான ராஜகிரியின் உச்சி மட்டும் தெரிந்தது. கீழே ஒன்றுமில்லாமல் வானத்தில் ஒரு கோட்டை. பிறகு அதன் கீழிருந்து மதில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. செங்குத்துப் பாறை, அதன் மேல் வெயில், பாறையிலிருந்து வழியும் மழைத் தண்ணீர் வெள்ளிக் கம்பிபோல. பிறகு கிருஷ்ணகிரி, அதற்கப்புறம் சந்திரகிரி. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு ஓடும் மதில். டியூஷன் காலத்திலிருந்து இதன் அடியில்தான் இருக்கிறேன். கடை வாசலில் நின்று தலையைத் திருப்பினால் தெரியும். வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால் கையை மட்டும் நீட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பேன். இந்தப் பாறையின் மேல் இவ்வளவு கல்லையும் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் மனிதர்கள்தானா என்று அன்றைக்குத்தான், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, முதல் முறையாக யோசித்தேன். மருமகள், காது, நல்ல நேரம் எல்லாம் மறந்துபோயின.

கீழே நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துப்போவது இதில்தான்: புதருக்குள்ளிருந்து ஆளில்லாத சைக்கிள் ஒன்று, கல்லில் குதிக்கும்போதெல்லாம் மணியடித்துக்கொண்டு வந்தது. பொங்கல் பானைகளுக்கு நடுவே ஒன்றையும் தொடாமல் புகுந்து, பந்தல்காலில் சாய்ந்து நின்றது. மேளம் நின்றுவிட்டது. மச்சானின் பெரியம்மா சைக்கிளைக் கும்பிட்டு, ஹேண்டில்பாரில் குங்குமம் வைத்தார்.

தேவகிதான் முதலில் அடையாளம் கண்டாள். "இது எங்கண்ணன் சைக்கிளு. வண்டி வந்துடுச்சு, ஆளக் காணோம்" என்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

என் நைனா சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். "அழுவாத. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல. அவனுக்கு மட்டும் இன்னா ஆயிருக்கப் போவுது?" என்றார். சொல்லிவிட்டும் அவர் ஹேண்டில்பாரை விடவே இல்லை என்று கலா பிற்பாடு சொன்னாள்.

கலா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குன்றில் ஏறினாள். பின்னால் மச்சானும் ஓடி வந்தார்.

முதலில் வந்து சேர்ந்தவள் கலாதான். சுனையோரம் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. முகமெல்லாம் வேர்வை. தண்ணீரில் ஹெல்மெட்டோடு ஒரு தலை மட்டும் தெரிந்தது.

"இன்னா பண்றீங்க?"

பயத்தில் வந்தவளுக்குத் தகுந்த பதில் எதையாவது யோசித்திருக்கலாம். "கோட்டையப் பாக்கறேன்" என்றேன்.

அவள் கையில் ஒரு கல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள் நான் பார்த்த திசையில் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள். வெயில் இப்போது மதில் முழுக்க இறங்கியிருந்தது.

"இவ்ளோ பெருசா இது?" என்றாள் மெதுவாக. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுந்து வாங்க. நேரம் போவுது. அங்க உங்களுக்காக அழுதுகினு இருக்கறாங்க" என்றாள்.

மச்சான் கைத்தாங்கலாக இறக்கிவந்தார். என்னைப் பார்த்ததும் தேவகி அழுகையை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். காது குத்த வந்திருந்த ஆசாரி வானத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. என் பையும் சுனையில் முங்கியிருந்ததால் பட்டு வேட்டி துவைத்த துணியின் பதத்தில் இருந்தது. மச்சான் வேறு ஒரு காய்ந்த வேட்டி கொண்டுவந்தார். கால்சட்டையைக் கழற்ற மறைவான இடமில்லை. சுற்றிலும் பெண்கள். "மேலயே கட்டுங்க மச்சான், யாருக்குத் தெரியப் போவுது" என்று அவசரப்படுத்தினார். கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன்.

யாழினியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை பயத்தில் பின்னால் நகர்ந்து என்மேல் அழுந்தினாள். நாலு மாசமாக என் பாரத்தைத் தாங்கிய அந்தப் பஞ்சுத் திண்டு, குடித்து வைத்திருந்த சுனைத் தண்ணீரை அப்போதுதான் விட்டது. வேட்டியைத் தாண்டி, மணையைத் தாண்டி, ஆசாரியின் கால்வரைக்கும் ஓடியது.

யாழினி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சபைக்கு அறிவித்தாள்.

"மாமா ஒண்ணுக்குப் போயிட்டாரு."

மேளக்காரர்தான் முதலில் சிரித்தார். அதன்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து யாழினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். பிள்ளை அழவே இல்லை. இத்தனை வருஷத்தில் சிரித்துக்கொண்டே காது குத்திக்கொண்ட குழந்தையைப் பார்த்ததில்லை என்று அவர் வியந்தார். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை.

இது நடந்து பல வருஷமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் அதன்பிறகு எந்தக் காதுகுத்து நடந்தாலும், தாய்மாமன் மணையில் உட்காரும் முன் யாராவது ஒருத்தர் எழுந்துவந்து, "மாமன் காஞ்சிருக்காரா?" என்று கேட்டு, அவர் வேட்டியைத் தொட்டுப் பார்ப்பார். சபை சிரிக்கும். நான் பந்தி வேலையில் மும்முரமாக இருப்பதுபோல நடிப்பேன்.

போன வருஷம், எங்கள் வீட்டில் பெண் எடுத்த ஒரு சென்னைக் குடும்பத்தில், அவர்கள் பக்கத்துக் குழந்தை ஒன்றின் காதுகுத்துக்குப் போயிருந்தோம். அந்தப் பக்கத்து மனிதர்கள் யாருக்கும் என் கதை தெரியாது. தாய்மாமன் மணைக்கு வந்தார். பெரியவர் ஒருவர் மிகுந்த பக்தியோடு எழுந்து, அவர் வேட்டியை முன்னும் பின்னும் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருக்குது, உக்காரலாம்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், எதற்காக இது என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன்.

"செஞ்சிப் பக்கத்து வழக்கங்க" என்றார். "ரொம்பப் பழசு. செய்யாம வுடக் கூடாதாம்."